சமூக வலைத்தளப் படங்களுக்கு அளவு மாற்றுதல்: பல வருடப் பயன்பாட்டில் நிலைத்த கருவிகள்

ஒரு வாசகர் குழுவுக்காக நிகழ்ச்சிப் படங்கள், அறிவிப்புப் போஸ்டர்கள், நூல் அட்டைகள் எல்லாம் சமூக வலைத்தளங்களில் போடும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். நிறைய ஆப்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, இப்போது மூன்றோடு நிற்கிறேன்: கணினியில் இர்ஃபான்வியூ, பிரவுசரில் ஸ்கூஷ், போனில் ஸ்னாப்சீட். மூன்றுமே இலவசம். இர்ஃபான்வியூ மட்டும் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம். அலுவலக வேலைக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும்.

இந்த வேலையில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒரு விஷயம் உண்டு. சுருக்குவதை நாமே செய்து முடித்துவிட்டுத்தான் படத்தை ஏற்ற வேண்டும். இன்ஸ்டாகிராம் 1080 பிக்சலுக்கு மேல் அகலமுள்ள படத்தைத் தானே சுருக்கிக்கொள்ளும். 4000 பிக்சல் படத்தை அப்படியே கொடுத்தால் கூடுதல் தெளிவாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். எதைக் கொடுத்தாலும் அங்கே நிற்கப்போவது 1080 தான். நாம் சுருக்கினால் எந்த ஓரத்தை வெட்டுவது, எவ்வளவு கூர்மை கொடுப்பது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். அதன் பிறகும் இன்ஸ்டாகிராம் இன்னொரு முறை அழுத்தத்தான் செய்யும், அதாவது ஃபைல் சிறிதாவதற்காகச் சில விவரங்களைக் கழித்துவிடும். ஆனால் சரியான அளவில் போன படத்துக்குச் சேதம் குறைவு.

வரிசை முக்கியம். முதலில் க்ராப் (ஓரங்களை வெட்டுவது), அப்புறம் ரீசைஸ் (அளவு மாற்றுவது), கடைசியில் கூர்மை. பெரிய படத்திலேயே கூர்மையைக் கூட்டிவிட்டுச் சுருக்கினால் கொடுத்ததில் பாதி கரைந்துவிடும். தலைமுடி, சேலைக் கரை மாதிரி நுணுக்கமான இடங்களில் சில சமயம் விளிம்பு உறுத்தலாகவும் தெரியும்.

இர்ஃபான்வியூவை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் வேகம். இர்ஃபான் ஸ்கில்ஜான் என்பவர் எழுதி 1996இல் வெளிவந்த மென்பொருள் இது. பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். ஷிஃப்ட்டோடு சி அழுத்தினால் வெட்டும் விகிதத்தைக் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டுக் கட்டத்தை நகர்த்தி வைத்தால் போதும். ஒரு நிகழ்ச்சியின் படங்கள் மொத்தமாக வந்து குவியும்போது பி விசையை அழுத்தினால் தொகுதி மாற்றத்துக்கான சாளரம் வரும். அங்கே ஒரு தடவை அளவைச் சொல்லிவிட்டால் அத்தனை படமும் தனி ஃபோல்டருக்குள் வரிசையாக வந்து விழும். அளவு மாற்றும்போது பிக்சல்களைக் கணக்கிடும் முறைகள் சில அங்கே இருக்கும்; அவற்றில் லான்சோஸ் (Lanczos) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய படங்களைப் பெரிதாக்க வேண்டாம் என்ற பெட்டியிலும் மறக்காமல் டிக் போடுங்கள். 600 பிக்சல் படத்தை 1080க்கு இழுத்தால் அதில் இல்லாத விவரம் வந்துவிடாது, மங்கல்தான் பெரிதாகும்.

விகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பழைய பழக்கங்கள் மாறியிருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் முதலில் சதுரம் மட்டும்தான். 2015இல் செங்குத்துப் படங்களும் அகலப் படங்களும் அனுமதிக்கப்பட்டன. அதன் பிறகு நீண்ட காலம் 4:5, அதாவது 1080 × 1350 தான் எல்லாரும் பயன்படுத்திய அளவு. 2025இல் புரொஃபைல் பக்கத்தின் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4க்கு மாறின. அதே விகிதத்தில் படம் போடவும் வழி வந்தது. இது பெரிய நிம்மதி. பெரும்பாலான போன் கேமராக்கள் எடுப்பதே 4:3 விகிதத்தில்தான். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த 3000 × 4000 படத்தைச் சதுரமாக்கினால் கால்வாசி போய்விடும். 4:5 என்றால் 250 பிக்சல் போகும். 3:4 என்றால் ஒன்றும் போகாது; நேராக 1080 × 1440க்குச் சுருக்கினால் வேலை முடிந்தது. குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவரின் தோளை வெட்டலாமா என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் பழைய சதுரப் போஸ்டர்களில் ஓரம் வரை தலைப்பு வைத்திருந்தால், புதிய கட்டத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெட்டுப்படும். பக்கவாட்டில் தாராளமாக இடம் விட்டு வடிவமைப்பது நல்லது.

ஸ்டோரிக்கு 1080 × 1920. மேலேயும் கீழேயும் சுமார் 250 பிக்சல் உயரத்துக்கு முக்கியமான எதையும் வைக்காதீர்கள். பெயரும் பதில் எழுதும் பெட்டியும் அங்கே வந்து உட்காரும். யூடியூப் தம்ப்நெயில் 1280 × 720, அதன் வலது கீழ் மூலையில் நேரம் காட்டும். இணைப்பைப் பகிரும்போது ஃபேஸ்புக்கில் வரும் முன்னோட்டப் படம் 1200 × 630. ஃபேஸ்புக் கவர் படம்தான் சிரமம் தருவது: கணினியில் 820 × 312 அளவிலும், போனில் 640 × 360 அளவிலும் தெரியும். இரண்டிலும் வெட்டுப்படாத நடுப்பகுதியில் எழுத்தை வைத்துவிட்டு ஓரங்களைப் பின்னணிக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

இனி போஸ்டர்கள். தமிழில் போஸ்டர் செய்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். ஜேபெக் (JPEG) என்ற வழக்கமான பட ஃபைல் முறை படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துகிறது. வானம், சுவர் போன்ற இடங்களில் ஒன்றும் தெரியாது. எழுத்தின் விளிம்பில் நிறம் சட்டென்று மாறுவதால், அங்கே கொசு மொய்த்ததுபோல் பொடிப்பொடியாக அழுக்குத் தெரியும். சிறிய எழுத்தாக இருந்தால் அந்த அழுக்கில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘க்’ என்பது ‘க’ என்று தெரியும். இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் வித்தியாசம் காட்டும் சுழியும் அடுத்து மங்கும். வாசகர்களை அழைக்கும் போஸ்டரில் பேச்சாளரின் பெயரே பிழையாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

அதனால் 1080 அகலப் போஸ்டரில் 40 பிக்சலுக்குக் குறைந்த எழுத்தை நான் வைப்பதில்லை. புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தெளிவாக விலகி நிற்கும் எழுத்துருவாகப் பார்த்து எடுக்கிறேன். சிவப்பின் மேல் நீலம், பச்சையின் மேல் சிவப்பு போன்ற சேர்க்கைகளையும் தவிர்க்கிறேன். ஜேபெக் பொதுவாக வெளிச்ச வித்தியாசத்தை நன்றாகக் காப்பாற்றும், நிற வித்தியாசத்தை அவ்வளவாகக் காப்பாற்றாது. கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து அழுத்தலை இவற்றைவிட நன்றாகத் தாங்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்ப்பதற்கு ஸ்கூஷ் மாதிரி வசதி வேறில்லை. கூகுள் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்டது. திரையின் நடுவில் ஒரு கோடு இருக்கும். ஒரு பக்கம் அசல், மறுபக்கம் அழுத்தியது. தரத்தை 85இலிருந்து 60க்கு இறக்கிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் புள்ளி கரையத் தொடங்குகிறது என்று அப்படியே தெரியும். படம் நம் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை. ஒரே குறை, ஒரு நேரத்தில் ஒரு படம்தான்.

ஸ்னாப்சீட் அவசரத்துக்கு. விகிதம் சொல்லி வெட்டலாம், வெளிச்சம் சரிசெய்யலாம், ஏற்றுமதி அமைப்பில் படத்தின் அதிகபட்ச அளவையும் தரத்தையும் குறிக்கலாம். துல்லியமாக 1080 வேண்டுமென்றால் நான் கணினிக்குத்தான் போவேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள். 72 டிபிஐயா 300 டிபிஐயா (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள்) என்று திரைக்கான படத்துக்குக் கவலையே வேண்டாம், அது அச்சுக்கு மட்டும்தான். ஆனால் படத்துக்குள் ஒளிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலைக் கவனியுங்கள். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் அதில் இருக்கலாம். ஒருவர் வீட்டில் நடந்த சந்திப்பின் படங்கள் என்றால் இர்ஃபான்வியூவில் சேமிக்கும்போது எக்ஸிஃபை வைத்துக்கொள்ளும் தேர்வை நான் எடுத்துவிடுவேன்.

முடித்த படத்தைப் பதிவேற்றும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அங்கேயே ஒருமுறை அழுத்தப்பட்டுவிடும். 2023இல் வந்த எச்டி தேர்வு முன்பைவிட மேல்தான், ஆனாலும் அசல் ஃபைல் மாறாமல் போவது டாக்குமென்டில்தான்.