28 மாதம், 9,600 கிலோமீட்டர்: எடை குறைந்த மின்சைக்கிளில் காவேரிப்பட்டணம் – கிருஷ்ணகிரி

நான் குடியிருப்பது காவேரிப்பட்டணத்தில், ஒரு மாடி வீட்டில். வேலை கிருஷ்ணகிரியில், ஒரு மருந்துக் கடையில். நடுவே ஏறத்தாழ பதினோரு கிலோமீட்டர். 2023 மே மாதம் வாங்கிய மின்சைக்கிளில்தான் போய் வருகிறேன். இந்த செப்டம்பரோடு 28 மாதம் ஆகிறது, மீட்டர் 9,600-ஐத் தாண்டிவிட்டது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். இப்போது நல்லதும் கெட்டதும் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

"பஸ்தான் இலவசமாச்சே, எதுக்கு 32,000 ரூபாய்?" என்று அம்மா கேட்டார். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எனக்கும் பெரிய உதவி, கொட்டும் மழை நாளில் இன்றும் பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் கடையை விட்டுக் கிளம்பவே இரவு ஏழரை ஆகிவிடும். அதற்கப்புறம் டவுன் பஸ்ஸுக்கு அரை மணி, சில நாள் முக்கால் மணி நிற்க வேண்டும். வீட்டில் மகள் வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் வண்டி வாங்கினேன். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளச் சொன்னார் என் கணவர். எனக்குக் கைவந்தது சைக்கிள். 2005-இல் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை ஐந்து வருடம் ஓட்டியவள் நான்.

வண்டியின் அமைப்பு எளிமையானது. அலுமினிய ஃபிரேம், பின்சக்கரத்துக்குள் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 7.5 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். கியர் கிடையாது. பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை 17 கிலோ. இதே போன்ற வண்டியை நான்கைந்து நிறுவனங்கள் விற்கின்றன.

இந்த 17 கிலோவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தினமும் இரவு பத்தொன்பது படி ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்துகிறேன். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் வண்டி 15 கிலோவுக்குக் கீழே வந்துவிடும், தோளில் மாட்டி ஏறிவிடலாம். கீழ்வீட்டுத் தம்பி தடித்த டயர் வைத்த மின்சைக்கிள் வாங்கினார். அது 28 கிலோ. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு அதைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார், மிதிக்க முடியவில்லை. இப்போது அந்த வண்டி அதிகம் வெளியே வருவதில்லை.

எனக்கும் ஒரு இரவு சார்ஜ் தீர்ந்தது. காலையில் பேட்டரியை மாட்டும் அவசரத்தில் சார்ஜரின் சுவிட்சைப் போட மறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவதானப்பட்டி ஏரி வந்ததும் மீட்டர் அணைந்தது. அங்கிருந்து வீடு வரை சாதாரண சைக்கிளாக மிதித்தே வந்தேன். கொஞ்சம் வேர்த்தது, அவ்வளவுதான். இதற்கு எடை மட்டும் காரணம் இல்லை. மோட்டாருக்குள் சின்னப் பல்சக்கரங்களும் ஒரு ஃப்ரீவீலும் இருப்பதால், மின்சாரம் இல்லாதபோது அது சக்கரத்தைப் பிடித்து இழுக்காது. பல்சக்கரம் இல்லாத மோட்டாரும் உண்டு. அது சத்தமே போடாது, ஆனால் மின்சாரம் நின்றால் பாரத்தை உணர்வீர்கள். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரிக்குப் போகும்போது பாதை மெல்ல மெல்ல ஏறும், வரும்போது இறங்கும். பெடல் உதவியை (மிதிக்கும்போது மோட்டார் தரும் தள்ளலை) நடு அளவில் வைத்து ஓட்டினால் போவதற்கு பேட்டரியில் பாதிக்கு மேலும், திரும்புவதற்கு அதைவிடக் குறைவாகவும் செலவாகும். புதிதில் இப்படி ஓட்டி 36 கிலோமீட்டர் வரை வந்தது. மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கினால் 23-ஐத் தாண்டாது. விளம்பரத்தில் போட்டிருந்தது 40. ஆடி மாதம் மட்டும் கணக்கு மாறும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று திரும்பும்போது முகத்தில் அறையும், அந்த நாட்களில் கடையிலேயே ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன்.

நான்கு வழிச் சாலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது இன்னும் பயம்தான். சர்வீஸ் சாலை விட்டு விட்டுத்தான் வருகிறது. அது இல்லாத இடத்தில் லாரி கடந்தால் அதன் காற்றே இலகுவான வண்டியை ஒரு அடி இழுக்கும். எடை குறைவின் மறுபக்கம் இது. ஹேண்டில் பாரை இறுக்காமல் தளர்வாகப் பிடித்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்தால் ஆட்டம் குறைகிறது. வண்டியோடு வந்த விளக்கு போதாது. தனியாக ஒரு எல்.இ.டி. விளக்கும், பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும், ஒளிரும் மேல்சட்டையும் வாங்கினேன். இவை இல்லாமல் இரவில் அந்தச் சாலையில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, பழகும்வரை கவனமாக இருக்க வேண்டியது. பெடலை அரைச் சுற்று சுற்றியதும் மோட்டார் தானாகத் தள்ளும். ரவுண்டானாவில் கூட்டத்துக்கு நடுவே காலை லேசாக அசைத்தாலே வண்டி முன்னால் பாய்ந்துவிடும். பிரேக் பிடியை லேசாக அழுத்திக்கொண்டே நின்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. முதல் வாரத்திலேயே இது பழக்கமாகிவிட்டது. கடைக்கு வர முடியாத வயதானவர்களுக்கு நான் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. பழையபேட்டையில் மலையடிவாரத்துத் தெருக்களில் மேடு ஏறும்போது அந்தத் தள்ளல் எவ்வளவு சுகம் என்று சொல்லி முடியாது.

சரி, கோளாறுகளுக்கு வருகிறேன். முதல் பஞ்சர் பின்சக்கரத்தில். எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் நாற்பது வருடமாகச் சக்கரம் கழற்றுகிறவர், மோட்டார் ஒயரைப் பார்த்ததும் "இதுல நான் கை வைக்கலம்மா" என்று சொல்லிவிட்டார். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒயரைப் பிரிக்க ஒரு இணைப்பு இருக்கிறது. அதில் இரண்டு அம்புக்குறிகள் நேராக இருக்கும்படி சொருக வேண்டும், அவ்வளவுதான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு போய் அவருக்குக் காட்டினேன். இப்போது அவரே கழற்றி மாட்டுகிறார். 18 எண் ஸ்பேனர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். 4,000 கிலோமீட்டரில் பின்சக்கரத்தில் மூன்று போக்ஸ் கம்பிகள் உடைந்தன. அது என் தவறு. மாம்பழ சீசனில் கேரியரில் பதினைந்து கிலோ செந்தூரா கட்டிக்கொண்டு வந்தேன், இலகுவான வண்டி அதைத் தாங்காது. அண்ணன் கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் கேரியரில் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை.

பெரிய அடி 2024 டிசம்பரில் விழுந்தது. ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய சமயம். அந்த இரண்டு நாள் வண்டியை வெளியே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மழை விட்டதே என்று எடுத்து, தேங்கிய தண்ணீரில் அரைச் சக்கரம் மூழ்க ஓட்டிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் மோட்டார் நின்றது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலருக்குள் தண்ணீர் போயிருந்தது. தூறலும் சாதாரண மழையும் ஒன்றும் செய்வதில்லை, மூழ்குவதுதான் ஆபத்து. வாரண்டி இதற்குக் கிடையாது என்றார்கள், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2,800 ரூபாய் கட்டியும் உதிரிபாகம் வந்து சேர 23 நாள் ஆனதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போன் பண்ணும்போதெல்லாம் நாளைக்கு அனுப்புகிறோம் என்ற ஒரே பதில். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. இங்கேயே ஒரு மின்சைக்கிளைப் பிரித்துப் பார்க்க ஆள் தேட வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். அந்த 23 நாளும் ஊருக்குள் இருக்கிற வேலைக்கெல்லாம் அதே வண்டியை மிதித்துத்தான் ஓட்டினேன்.

பேட்டரியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் வந்ததும் சொருகுவதில்லை, அரை மணி ஆறவிட்ட பிறகுதான். வெயிலில் வண்டியோடு விடுவதில்லை, கடைக்குள் எடுத்துப் போய்விடுவேன். தூங்கும்போது சார்ஜ் போடுவதில்லை. 42 வோல்ட் சார்ஜரைத் தவிர வேறு எதையும் தொடவிடுவதில்லை. 48 வோல்ட் வண்டிகளின் சார்ஜர் 54 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும், முனை பொருந்தினாலும் மாட்டக் கூடாது. இவ்வளவு பார்த்தும் அன்று 36 கிலோமீட்டர் கொடுத்த பேட்டரி இன்று 29 கொடுக்கிறது. முந்நூறு சார்ஜுக்கு மேல் ஆன லித்தியம் பேட்டரிக்கு இது இயல்பானதுதான்.

செலவு: மின்சாரம் 28 மாதத்துக்கும் சேர்த்து நூறு யூனிட் அளவுக்குத்தான் ஆகியிருக்கும், பில்லில் தெரிவதே இல்லை. டயர், பிரேக் பேட், செயின், கம்பி எல்லாம் கன்ட்ரோலரோடு சேர்த்து 7,400 ரூபாய். இதே தூரத்தை லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டரில் போயிருந்தால் பெட்ரோலே 21,000-ஐத் தாண்டியிருக்கும். புது பேட்டரிக்கு 13,000 ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இல்லை. பணத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ், பதிவு எண் எதுவும் வேண்டாம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. வேகப் பூட்டை எடுத்து 40-இல் ஓடும்படி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படி மாற்றினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம் ஆகிவிடும். இந்தப் பிரேக்கும் ஃபிரேமும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையும் இல்லை.

22 கிலோமீட்டர் போய்வர 29 என்பது இப்போதைக்குப் போதும். அடுத்த ஆடிக் காற்றுக்கு முன் புது பேட்டரி மாற்ற வேண்டும். அதற்காக ஏப்ரலில் இருந்து மாதம் ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன்.