ராத்திரி ஊறவைக்கும் ஓட்ஸ்: எந்த பாக்கெட் சரிப்படும்?

காலையில் ஜாடியைத் திறந்தால் ஒன்று கூழாகக் குழைந்து கிடக்கும், இல்லையென்றால் பல்லில் நெருடும். செய்முறையைக் குறை சொல்லும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ரோல்டு, இன்ஸ்டன்ட், ஸ்டீல் கட் எல்லாமே ஓட்ஸ்தான். ஆனால் தண்ணீரை இழுக்கும் வேகத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. அடுப்பில் என்றால் தீயைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றிவிடலாம். ஃபிரிட்ஜுக்குள் அந்தச் சமாளிப்பு நடக்காது.

ரோல்டு ஓட்ஸுக்கே முதலிடம். உமி நீக்கிய முழு மணியை ஆவியில் வைத்து, உருளையில் நசுக்கித் தட்டையாக்குகிறார்கள். ஆவி பட்டதும் கொழுப்பைக் கெடுக்கும் நொதி செயலிழந்துவிடும். பாக்கெட் மாதக்கணக்கில் சிக்கு வாடை இல்லாமல் இருப்பது அதனால்தான். சமைக்காமல் சாப்பிடலாமா என்று தயங்க வேண்டியதில்லை, ஏற்கெனவே ஆவியில் வெந்ததுதான். 8 மணி நேரம் ஊறிய செதிலை நாக்கில் வைத்தால் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், ஓரத்தில் மட்டும் லேசான பிடிமானம். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகாது, தயங்கித் தயங்கி வழியும். அதுதான் பதம்.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இன்னும் அதிகம் வெந்தது, செதிலும் மெல்லிசு. ராத்திரி முழுக்க ஊறினால் கூழ்தான். கலக்க மறந்துபோய் விடியற்காலையில் நினைவு வந்தால் இது கைகொடுக்கும், 2 மணி நேரம் போதும். குயிக் ஓட்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில். பழச்சுவை சேர்த்து வரும் பாக்கெட்டுகளில் மட்டும் கவனம் வேண்டும். சேர்மானங்கள் எடை வரிசையில்தான் அச்சாகும். இரண்டாவது இடத்தில் சர்க்கரை இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். நல்ல பாக்கெட்டின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: ஓட்ஸ்.

ஸ்டீல் கட் என்பது மணியைத் துண்டாக வெட்டிய நொய். ராத்திரி முழுக்க ஊறினாலும் உள்ளே கடினம் போகாது. மென்று சாப்பிடுவதில் விருப்பம் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் இதை அடுப்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

ஒருவருக்கான அளவு: ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், அதாவது அரை கப். பால் 120 மி.லி., கெட்டித் தயிர் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிட்டால் எவ்வளவு தேன் ஊற்றினாலும் சப்பென்றுதான் இருக்கும். சியா விதை ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் பாலை இன்னும் 60 மி.லி. கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரண்டியே நட்டுக்கொண்டு நிற்கும். சியாவைப் போட்டதும் ஒரு முறை, 10 நிமிடம் கழித்து ஒரு முறை கலக்க வேண்டும். இரண்டாவது கலக்கலைத் தவறவிட்டால் காலையில் அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி.

பழத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிவி, சமைக்காத அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. ராத்திரியே பால், தயிரோடு சேர்த்தால் காலையில் கலவை நீர்த்து, கசப்பேறி இருக்கும். பழம் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டுவார்கள். கெடவில்லை, நேரம்தான் தப்பு. இவற்றைச் சாப்பிடும்போது வெட்டிப் போட வேண்டும். ஸ்ட்ராபெர்ரி நீர் விடும், அதற்கும் காலைதான். வாழைப்பழத் துண்டு கறுத்துப்போகும். ஆனால் நன்கு கனிந்ததை மசித்து ராத்திரியே கலந்தால் நிறம் பெரிதாக உறுத்தாது, சர்க்கரையும் தேவைப்படாது. துருவிய ஆப்பிள், உலர் திராட்சை, பொடியாக நறுக்கிய பேரீச்சை ஆகியவை ராத்திரிக்கே உரியவை, ஊற ஊற இனிப்பைப் பாலில் இறக்கும். பாதாம், வால்நட் காலையில். முன்கூட்டியே போட்டால் நமத்துவிடும்.

ஜாடிக்கு 400 முதல் 450 மி.லி. கொள்ளளவும் அகல வாயும் வேண்டும். 250 மி.லி. ஜாடி பார்க்க அழகு, பழம் போட இடமிருக்காது. வாய் குறுகலான பாட்டிலில் அடிவரை கலக்க முடியாமல் மாவுத்திட்டு தங்கிவிடும். பால் சேர்ந்தது என்பதால் வெளியே வைத்து ஊறவைக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். பழம் போடாத கலவை 3 நாள் தாங்கும்.

சத்துக் கணக்கு: 40 கிராம் ஓட்ஸில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து, 5 கிராம் புரதம். ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் தேவை என்பார்கள். ஒரு ஜாடியில் கிட்டத்தட்ட அதில் பாதி கிடைக்கும். செலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்கள் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்க வேண்டும். ஓட்ஸோடு கோதுமை, பார்லி கலந்துவிடுவது சகஜம்.

காலையில் மேலே கொஞ்சம் நீர் பிரிந்து நின்றால் பயப்பட வேண்டாம், தயிரின் நீர்தான். கலக்கினால் சேர்ந்துவிடும். இறுகிப்போயிருந்தால் இரண்டு கரண்டி பால். சூடாக வேண்டுமென்றால் மூடியைக் கழற்றி, கிண்ணத்துக்கு மாற்றிச் சூடாக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி ஜாடி நேரடிச் சூட்டில் விரிசல் விடும்.