திமிரியா, பாரியா? நாயனம் வாங்கும் முன்

"பையனுக்கு நாயனம் வாங்கணும், எதை வாங்க?" என்று கேட்பவர்களுக்காக இது. நாயனம் என்கிற நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என்று முக்கியமாக இரண்டு வகை. திமிரி பழையது, குட்டையானது. பாரி பிறகு வந்தது, அதைவிட நீளமானது. நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளை அதைக் கையில் எடுத்ததும் கச்சேரி மேடை பாரியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

சுருதி (கட்டை ஏற ஏறக் குரல் உயரும்): திமிரி 4, 5 கட்டை. பாரி 2, 2½.

ஓசை: திமிரி சாமி புறப்பாட்டில் நாலு தெருவுக்குக் கேட்கும், மூடிய மண்டபத்தில் காதைத் துளைக்கும். பாரி மைக் முன்னால் கனிந்து பேசும்.

கை: திமிரியின் துளைகள் நெருக்கம், சின்ன விரலுக்கு எட்டும். பாரியில் பத்து வயதுப் பிள்ளை திணறும்.

மத்திமம்: நிஜமான வித்தியாசம் இங்கேதான். 'ம' என்ற ஸ்வரம் இரண்டு வகை: உயர்ந்தது பிரதி மத்திமம், தாழ்ந்தது சுத்த மத்திமம். திமிரியில் பிரதி மத்திம ராகமான கல்யாணி சுகமாக வரும். சங்கராபரணம் ஊதிப் பாருங்கள், அதற்கு வேண்டிய சுத்த மத்திமத்தை உதட்டாலும் மூச்சாலும் கெஞ்சி இறக்க வேண்டியிருக்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்த பாரியில் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மரம்: இரண்டுக்கும் ஆச்சா மரம்தான். பழைய வீட்டு உத்தரத்தில் எடுத்ததா என்று கேளுங்கள். ஈரம் காயாத மரம் பின்னால் வெடிக்கும்.

விலை: பாரிக்கு மரமும் கூலியும் அதிகம்.

கோயில் சேவகம் மட்டும் என்றால் திமிரி போதும். கச்சேரி ஆசை இருந்தால் பாரி. வளரும் பிள்ளைக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைப்பாரி. எதை எடுத்தாலும் அந்தச் சுருதிக்கு ஏற்ற சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாக்கு) நாலைந்து சேர்த்தே வாங்கிவிடுங்கள்.