அமெரிக்கப் பெட்டியா, சமச்சீரா, என்.ஐ.ஓ.எஸ்.ஸா? டெல்டா கத்தோலிக்கக் குடும்பங்களின் ஹோம்ஸ்கூலிங் தேர்வு

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று முடிவெடுக்கும் கத்தோலிக்கப் பெற்றோர் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை அமெரிக்க நிறுவனங்கள்தான்: சீட்டன், கோல்பே அகாடமி, மதர் ஆஃப் டிவைன் கிரேஸ். ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வி முதல் கணக்கு வரை எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும் என்பதில்தான் ஈர்ப்பு. ஆனால் தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு முன்னால் இருப்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். விசுவாசத்தை எதைக் கொண்டு கற்பிப்பது? அன்றாடப் பாடத்துக்கு எந்தப் புத்தகம்? பதினைந்து பதினாறு வயதில் கையில் எந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும்? மூன்றுக்கும் சேர்த்து விடை சொல்லும் பாடத்திட்டம் எதுவும் இல்லை. மூன்றையும் பிரித்து எடுத்துக்கொண்டால் செலவும் குறையும், பத்தாம் வகுப்பு வயதில் ஓடித்திரிய வேண்டியும் வராது.

திருச்சபைப் பக்கம் தயக்கத்துக்கு இடமில்லை. திருச்சபைச் சட்டம் 793 பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் கடமையைப் பெற்றோருக்குக் கொடுத்து, அதற்கான வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறது. நாட்டுச் சட்டத்தில், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பேசுகிறது. ஹோம்ஸ்கூலிங் என்று தனியாக எதையும் குறிப்பிடவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு தேடி வரக்கூடும். தேதி போட்ட வாரத் திட்டம், திருத்திய நோட்டுகள், ஏற்கெனவே படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அதிலுள்ள எமிஸ் எண் (மாநில அரசின் மாணவர் பதிவு எண்) ஆகியவை ஒரு கோப்பில் தயாராக இருந்தால் விளக்கிச் சொல்வது எளிது.

அமெரிக்கக் கத்தோலிக்கத் திட்டங்கள்

வர்ஜீனியாவிலிருந்து இயங்கும் சீட்டனின் பலம் அதன் ஒழுங்கு. எந்த நாளில் எந்தப் பக்கம் என்பது வரை எழுதித் தந்துவிடுகிறார்கள். கையெழுத்துப் பயிற்சியிலும் வாசிப்புப் பாடத்திலும்கூடப் புனிதர்களும் திருவழிபாட்டு ஓவியங்களும் வருகின்றன. முதல் வருடம் தடுமாறும் பெற்றோருக்கு இது பெரிய கைத்தாங்கல். குறை, எழுத்து வேலை மிக அதிகம். மெதுவாக எழுதும் பிள்ளை மதியத்துக்குள் சோர்ந்துவிடும். வாரத் திட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வாய்மொழியாகவே ஒரு பாதியை முடித்துவிடலாம்.

கோல்பேயும் மதர் ஆஃப் டிவைன் கிரேஸும் செவ்வியல் முறையைப் பின்பற்றுபவை: லத்தீன், கிரேக்க ரோமானிய வரலாறு, தர்க்கம். ஆழமானவை, ஆனால் கற்பிப்பவருக்கே நல்ல ஆங்கில வாசிப்பு வேண்டும். மேட்டர் அமாபிலிஸ் கட்டணமில்லாதது. ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் வழி. பத்து இருபது நிமிடக் குட்டிப் பாடங்கள், படித்ததைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்லுதல், இயற்கையைப் பார்த்து வரைந்து எழுதும் குறிப்பேடு. அதன் புத்தகப் பட்டியலை இங்கே அப்படியே வாங்கிச் சேர்ப்பது சிரமம். ஆனால் முறையை மட்டும் எடுத்துத் தமிழ்ப் புத்தகங்களோடு வைத்துக்கொள்ளலாம். நான்கில் டெல்டா வீட்டுக்கு அதிகம் உதவக்கூடியது இதுதான்.

நான்குக்கும் பொதுவான சிக்கல்கள் உண்டு.

முதலாவது, தமிழ் அறவே இல்லை. 247 எழுத்தும் கூட்டி வாசிப்பதும் இரண்டாம் வகுப்பு வயதுக்குள் கைவராத பிள்ளை, நான்காம் வகுப்பு வயதில் திருப்பலியின் வாசகத்தையே பின்தொடர முடியாமல் திணறும். அமெரிக்கத் திட்டம் எடுத்தாலும் தினமும் முக்கால் மணி நேரம் தமிழுக்குத் தனியாக ஒதுக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. அங்குலம், அவுன்ஸ், காலன், ஃபாரன்ஹீட், டாலரும் சென்ட்டும் பக்கம் பக்கமாக வரும். 12,34,567 என்று காற்புள்ளி வைக்க வேண்டிய பிள்ளை 1,234,567 என்று மட்டுமே எழுதிப் பழகும்; லட்சமும் கோடியும் பிடிபடாது. கணக்கை மட்டுமாவது மாநில அரசின் சமச்சீர்ப் புத்தகத்திலிருந்து எடுங்கள். கூடவே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் என்ற ஊர்க் கணக்கையும் சேர்த்தால் பின்னமும் பரப்பளவும் வயல் வரப்பிலேயே விளங்கும்.

மூன்றாவது, நேரம். நேரலை வகுப்பு எடுப்பதாக இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலக் காலை 9 மணி நமக்கு இரவு 7.30. மேற்குக் கரையில் அதே 9 மணி நமக்கு இரவு 10.30. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் போகும் ஊர்களில் இது இரட்டிப்புத் தொல்லை. நேரலையைத் தவிர்த்துப் புத்தகத் திட்டத்தோடு நிற்பது நல்லது.

நான்காவது, புத்தகத்தை அங்கிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு. பி.டி.எஃப். உரிமம் வாங்கி அச்சிடுவதாக இருந்தால், அவர்களுடைய பக்கம் எட்டரைக்குப் பதினொன்று அங்குல அளவு. ஏ4 தாளில் 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பை ஜெராக்ஸ் கடையில் கேட்டுப் போடாவிட்டால் ஓரத்தில் எழுத்து வெட்டுப்படும்.

சான்றிதழ்ப் பக்கம், அமெரிக்க அங்கீகாரம் அமெரிக்கக் கல்லூரிக்கு உதவும். இங்கே சேர இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்று கேட்பார்கள். அதை நம்பி எட்டாம் வகுப்பைத் தாண்டக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்ற பெயரில் கிடைக்கும் அபேகா, ஏ.சி.இ. போன்றவை புராட்டஸ்டன்ட் பின்னணியிலிருந்து வருபவை. 73 நூல் கொண்ட திருவிவிலியத்துக்குப் பதில் 66 நூல், சீர்திருத்த காலத்தை அவர்கள் கோணத்தில் சொல்லும் வரலாறு, அறிவியல் பாடத்தில் படைப்பை ஆறு நாள் கணக்காகவே எடுத்துக்கொள்ளும் விளக்கம். ஒலிப்புமுறை (ஃபோனிக்ஸ்) ஆங்கிலத்துக்கு மட்டும் ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம், முழுத்தொகுப்பு வேண்டாம்.

சமச்சீர்ப் புத்தகமும் தனித்தேர்வும்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசம், அச்சுப் பிரதியும் மலிவு. தமிழும் கணக்கும் இதில் உறுதியாக இருக்கின்றன. விசுவாசத்துக்கு எதிரான ஒன்று என்று பயப்பட ஏதுமில்லை. நம் மரபே உள்ளே இருக்கிறது. 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழில் தேம்பாவணி பாடம். அதை எழுதிய வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி கொள்ளிடத்துக்கு அக்கரையில்தான். புனித சூசையப்பரை வளன் என்று நாயகனாக்கிய காப்பியத்தை எந்த அமெரிக்கப் பெட்டியிலும் காண முடியாது.

குறை, இந்தப் புத்தகங்கள் வகுப்பறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குழுச் செயல்பாடுகள் நிறைய. தனிப்பிள்ளைக்கு அவற்றில் பாதியை விட்டுவிட வேண்டியிருக்கும். தொடக்க வகுப்பு ஆங்கிலம் மெலிவு, தனி வாசிப்புப் புத்தகம் வேண்டும்.

சான்றிதழுக்குத் தனித்தேர்வர் வழி. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அதை முடித்துப் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். பலர் சறுக்குவது அறிவியலில்: 75 எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. நேரடித் தனித்தேர்வர் (முதல் முறையாக எல்லாப் பாடமும் எழுதுபவர்) செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாக, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். அறிவிப்பு நாளிதழில் சிறிய செய்தியாக வந்து போகும். கவனிக்காவிட்டால் ஒரு வருடம் போயிற்று. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி இதைவிட நெகிழ்வானது. பத்தாம் நிலைக்கு 14 வயது நிரம்பினால் போதும். முன்வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், படிக்கத் தகுதி உண்டு என்ற சுய உறுதிமொழி ஏற்கப்படும். ஐந்து பாடம், குறைந்தது ஒன்று மொழி, அதிகபட்சம் இரண்டு மொழி. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமில்லை: தமிழும் மனையியலும் ஒரு பருவம், கணக்கும் அறிவியலும் அடுத்த பருவம் என்று பிரிக்கலாம். கூச்சமோ கற்றல் சிரமமோ உள்ள பிள்ளைக்கு இந்த ஒன்றே போதிய காரணம்.

கெடுவது எங்கே என்றால், முதலில் பாடத் தேர்வில். எளிது என்று மனையியல், ஓவியம், தரவு உள்ளீடு என்று எடுத்துவிட்டுக் கணக்கும் அறிவியலும் விடுபட்டால், பின்னால் பாலிடெக்னிக்கும் அறிவியல் பிரிவும் மூடிக்கொள்ளும். அடுத்தது ஒப்படைப்பு வேலை. மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. கடைசித் தேதி போனால் திரும்ப வராது. மூன்றாவதாக, மாநில அரசு வேலையைக் குறிவைக்கும் பிள்ளைக்கு, இந்தச் சான்றிதழ் மாநிலச் சான்றிதழுக்கு இணையா என்று சொல்லும், அப்போது நடப்பிலுள்ள சமநிலை அரசாணையைப் பார்த்துவிட்டே பதிய வேண்டும். அந்த விஷயத்தில் தனித்தேர்வின் மாநிலச் சான்றிதழ் தலைவலியில்லாதது.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பன்னாட்டுப் பத்தாம் நிலைத் தேர்வையும் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் பெருநகரம் போக வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு உறுதியான குடும்பத்துக்கு மட்டும்.

பள்ளியை விட்டு வருவதற்கு முன் இழப்பையும் எழுதிப் பாருங்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத்தான். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அப்படியே. அது பிறகு அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிந்தது. டெல்டாவில் கன்னியர் மடங்கள் நடத்தும் பெண்கள் பள்ளிகளில் உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகள் பல உண்டு. அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து மகளை எடுக்கும் குடும்பம் இதை அறிந்தே எடுக்க வேண்டும்.

ஞானோபதேசத்தை யார் கொடுப்பது

இதில்தான் அமெரிக்கப் பெட்டியை நம்பியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பால்டிமோர் ஞானோபதேசம் 1885இல் வந்த கேள்வி-பதில் நூல். தெளிவில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் பழைய பதிப்புகளில் நற்கருணைக்கு முன் நள்ளிரவிலிருந்து உபவாசம் என்று இருக்கும். இன்றைய திருச்சபைச் சட்டம் 919 ஒரு மணி நேரம் என்கிறது. பிள்ளை குழம்பாமல் இருக்க நீங்கள் முதலில் படித்துத் திருத்திச் சொல்ல வேண்டும். நாட்காட்டியும் வேறு. அங்கே நன்றியறிதல் நாள் பாடமாக வரும். ஜூலை 3 புனித தோமா, டிசம்பர் 3 புனித சவேரியார், 1693இல் ஓரியூரில் மறைசாட்சியான அருளானந்தரின் பிப்ரவரி 4, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் ஜனவரி 14 எல்லாவற்றையும் நீங்களே செருக வேண்டும்.

ஆங்கிலத்தில் விடையை ஒப்பிக்கும் பிள்ளை, புதுநன்மைக்கு முன் பங்குச் சாமியார் 'தேவதிரவிய அனுமானம் (அருட்சாதனம்) எத்தனை, எவை' என்று தமிழில் கேட்டால் விழிக்கும். தயாரிப்பு பெற்றோர், பங்குத்தந்தை இருவருடைய பொறுப்பும் என்று திருச்சபைச் சட்டம் 914 சொல்கிறது. ஆகவே ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை விடவே கூடாது. பங்கில் பயன்படுத்தும் அதே தமிழ் மறைக்கல்விப் புத்தகத்தை வாங்கி, வாரம் மூன்று நாள் இருபது நிமிடம் வீட்டில் முன்கூட்டியே படியுங்கள். செபங்கள், பத்துக் கட்டளை, பாவசங்கீர்த்தன முறை எல்லாம் தமிழில். ஆங்கிலப் புத்தகம் அதற்குமேல் துணையாக இருக்கட்டும்.

எங்கள் தீர்ப்பு

தமிழ் பேசும் வீடு, வருமானம் நடுத்தரம், பிள்ளை இங்கேயே கல்லூரி போகும் என்றால்: சமச்சீர்ப் புத்தகம், மேட்டர் அமாபிலிஸ் முறை, பங்கு மறைக்கல்வி. தேர்வுக்கு மாநிலத் தனித்தேர்வு; வேகம் குறைந்த பிள்ளைக்கு என்.ஐ.ஓ.எஸ். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த, ஆங்கிலமே பழகிய பிள்ளைக்குச் சீட்டன் ஐந்தாம் வகுப்பு வரை பொருந்தும். தமிழும் கணக்கும் இங்கிருந்து.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாள் இப்படி அமையும்: காலைச் செபமும் அன்றைய நற்செய்தியும் 15 நிமிடம், தமிழ் 45, கணக்கு 45, இடைவேளைக்குப் பின் ஆங்கிலம் 40, அறிவியலோ சமூக அறிவியலோ 40, மறைக்கல்வி நாளில் 20. இடைவேளை நீங்கலாக மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் இழுத்தால் மறுநாள் பிடிவாதம்தான் மிஞ்சும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புதுப்பாடம் எடுக்காமல் திருப்புதல் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது ஆவணங்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, ஆதாரில் தலைப்பெழுத்து மாறி என்று இருப்பது நம் குடும்பங்களில் சகஜம். தேர்வுப் பதிவில் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒத்துப்போக வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் அங்கே எடுபடாது. திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால் பதிவுக்கு ஒரு வருடம் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.