ஹுய்ன் கிம் கான் எழுதின 'வியட்நாமீஸ் கம்யூனிசம் 1925–1945': பழைய புக், ஆனா கட்டாயம் வாங்கலாம்

வியட்நாம்னாலே நமக்கு அமெரிக்கப் போர்தான் ஞாபகம் வரும். அதுக்கு முன்னாடி அங்க கம்யூனிஸ்ட் கட்சி எப்படி முளைச்சுதுன்னு தேடினப்போ கிடைச்சது இது. கார்னெல் யுனிவர்சிட்டி பிரஸ், 1982. பழைய புக் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில வாங்கினேன், 'நல்ல நிலை'ன்னு போட்டிருந்தாங்க, பிரிச்சா நடுவுல ஒரு கொத்துப் பக்கம் அப்படியே கையோட வருது, ஃபெவிகால் தடவி ராத்திரி முழுக்க மேல வெயிட் வெச்சுதான் படிக்க முடிஞ்சுது. கடைக்கு 2 ஸ்டார், புக்குக்கு 5.

ஹோ சி மின் தேசியவாதியா கம்யூனிஸ்டான்னு இன்னும் சண்டை போடுறாங்கல்ல, கானைப் படிச்சா அந்தக் கேள்வியே தப்புன்னு புரியும். ஏற்கனவே வேர் விட்டிருந்த நாட்டுப்பற்று மேல மார்க்சிய-லெனினியத்தை ஒட்டுக்கட்டினாங்கங்கறார், நம்ம ஊர்ல மாங்கன்னுக்கு கட்டுவாங்களே அதே மாதிரி. ஆனா ஒட்டு எப்பவும் ஒரே மாதிரி பிடிக்கல. 1930 பிப்ரவரியில ஹாங்காங்ல ஹோ சி மின், அப்போ அவர் பேர் நுயென் ஐ குவாக், பிரிஞ்சு கிடந்த குழுக்களைச் சேர்த்து 'வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சி'ன்னு ஆரம்பிக்கிறார். அதே வருஷம் அக்டோபர்ல, நாட்டு விடுதலையை முன்னால வெச்சு அவர் எழுதின திட்டத்தைக் கட்சி ஒதுக்கிட்டு, பேர்ல இருந்த 'வியட்நாமை'யும் 'இந்தோசீனா'ன்னு (வியட்நாம், லாவோஸ், கம்போடியா சேர்ந்த பிரெஞ்சு காலனி) மாத்திட்டாங்க. 1941 மே மாசம் சீன எல்லை பக்கத்துல இருக்கற பாக் போவுல நடந்த கட்சிக் கூட்டத்துலதான் நாட்டு விடுதலை முதல்ல, நிலப் புரட்சி அப்புறம்னு திரும்பி வர்றாங்க. பதினோரு வருஷம்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1928-29 பகுதி. 'பாட்டாளி ஆகணும்'னு ஒரு இயக்கம், படிச்ச வீட்டுப் பசங்க சுரங்கத்துலயும் ஃபேக்டரியிலயும் ரப்பர் தோட்டத்துலயும் கூலியா போய்ச் சேர்றாங்க, சில பேர் ரிக்‌ஷா இழுக்கறாங்க. அதுல ஊறினவங்கதான் 1929 மே மாசம் ஹாங்காங்ல நடந்த 'தான் நியென்' (ஹோ ஆரம்பிச்ச புரட்சி இளைஞர் அமைப்பு) மாநாட்டுல இப்பவே கட்சி வேணும்னு கேட்டு, மறுத்ததும் வெளிய வந்துட்டாங்க. அந்த அமைப்போட தலைவர்கள்ல ஒருத்தரான லாம் டுக் து பிரெஞ்சு போலீசுக்கே தகவல் கொடுத்துட்டு இருந்தவர். நினைச்சுப் பாருங்க, அந்தக் காலத்தைப் பத்தி ஆய்வாளர்களுக்குத் தெரிஞ்சதுல ஒரு பங்கு இந்த மாதிரி காட்டிக்கொடுத்தவங்க ரிப்போர்ட்லருந்துதான் வருது. எனக்கு அந்த இடத்துல மனசு கனத்துப்போச்சு.

சைகான்ல ட்ராட்ஸ்கியிஸ்டுகளும் (ஸ்டாலினை எதிர்த்த ட்ராட்ஸ்கி வழி கம்யூனிஸ்டுகள்) மாஸ்கோ பக்கம் நின்னவங்களும் சேர்ந்தே 'லா லூட்'னு பத்திரிகை நடத்தி 1937ல பிரிஞ்ச கதையும் இதுல இருக்கு.

குறைன்னா ஒண்ணுதான், 1982ல மாஸ்கோவுல இருந்த கொமின்டெர்ன் (உலக கம்யூனிஸ்ட் கட்சிகளோட கூட்டமைப்பு) ஆவணங்கள் திறக்கல. அதனால 1934லருந்து 38 வரை ஹோ அங்க ஓரங்கட்டப்பட்டுக் கிடந்த காலத்துக்கு, அந்த ஆவணங்களைப் பாத்து சோஃபி க்வின்-ஜட்ஜ் 2002ல எழுதின 'ஹோ சி மின்: தி மிஸ்ஸிங் இயர்ஸ்' படிக்கணும். ஆனா முதல்ல கான், அப்புறம் அது. நேரா அதுக்குப் போனா ஆள் தெரியும், இயக்கம் புரியாது.

பேர்கள்தான் தலை சுத்தும், ஒரே ஆளுக்கு நாலஞ்சு புனைபேர். நான் ஒரு பேப்பர்ல யார் யாருன்னு எழுதி அட்டைக்குள்ள சொருகிக்கிட்டேன், நீங்களும் முதல் நாளே எழுத ஆரம்பிச்சிடுங்க.