சீமெந்துப் பீப்பாய்க்குள் ரெஜிபோம்: திருகோணமலையில் பாரம் செய்விப்பவர்கள் கவனிக்க

உப்புவெளிப் பக்கம் வாடகைக்கு எடுத்த கொட்டகை ஒன்றில் விமானப் பராமரிப்பு அடிப்படைகளைச் சில மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். எங்களிடம் இருப்பது பறக்கும் நிலையைக் கடந்துவிட்ட ஒரு பழைய செஸ்னா 150, இரண்டு இருக்கைச் சிறு விமானம். பறக்காத விமானம்தான் என்றாலும் அதன் அடியில் படுத்து வேலை செய்பவர்கள் உயிருள்ள பிள்ளைகள் என்பதால், இந்த ஊரின் வெல்டிங் பட்டறை ஒன்றில் விமானத்தின் வாலைப் பிடித்து நிறுத்தும் கொங்கிரீட் பாரம் ஒன்றைச் செய்வித்து நான் ஏமாந்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

மூக்குச் சில்லைக் கழற்ற வேண்டுமானால் விமானத்தின் மூக்கு மேலே எழ வேண்டும். அதற்கு வால் கீழே இறங்கி, இறங்கிய இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். வால் கூம்பின் உள்ளே குறுக்குச் சட்டம் இருக்கும் இடத்தில், கிடைவாலுக்கு (வாலின் இருபுறமும் கிடையாக நீளும் சிறு இறக்கைக்கு) சற்று முன்னால், அழுத்தி இறக்கும்படி செஸ்னாவின் கைநூல் சொல்கிறது. வேறு இடத்தில் அழுத்தினால் மெல்லிய அலுமினியத் தகடு நெளிந்துவிடும். இறக்கிய வாலைப் பிடித்து நிறுத்த, கிடைவாலின் இருபுறமும் உடலை ஒட்டி மணல் மூட்டை வைக்கலாம். தரையில் நங்கூர வளையம் இருந்தால் அதில் கட்டிவிடலாம். எங்கள் கொட்டகையின் நிலத்தில் துளை போட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. மணல் மூட்டை மாணவர்களின் கையில் மெல்ல மெல்ல நுனிப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஆகவே, சிறு விமானம் வைத்திருப்பவர்கள் பல நாடுகளிலும் வீட்டிலேயே செய்துகொள்ளும் வழியைத் தேர்ந்தேன்: பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் கொங்கிரீட் நிரப்பி, நடுவில் கம்பி வளையம் பதித்து, அதிலிருந்து சங்கிலியையும் டர்ன்பக்கிளையும் (திருகி இறுக்கும் இணைப்பையும்) கொண்டுபோய் வாலின் அடியில் உள்ள கட்டு வளையத்தில் மாட்டுவது.

எவ்வளவு பாரம் வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடவில்லை. மூக்குச் சில்லைத் தராசில் ஏற்றிப் பார்த்தபோது 115 கிலோ காட்டியது. பிரதான சில்லின் அச்சிலிருந்து மூக்குச் சில்லு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். வால் வளையம் நான்கு மீற்றர். அப்படியானால் வாலில் 43 கிலோ இருந்தாலே மூக்கு எழும், ஆனால் ஒரு கை பட்டாலும் திரும்பச் சாயும். பைப்பர் செரோக்கி வகை விமானங்களை ஜக்கில் ஏற்றும்போது வால் தாங்கியின் அடியில் சுமார் 250 இறாத்தல், அதாவது 113 கிலோ, வைப்பது வழக்கம். அதை மனத்தில் கொண்டு 120 கிலோ கேட்டேன். கொங்கிரீட் ஒரு லீற்றர் 2.4 கிலோ வரும். 50 லீற்றர் ஊற்றினால் கணக்கு நேர். வழக்கமான பீப்பாயில் அது இருபது சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். இவை அனைத்தையும் தாளில் வரைந்தே பட்டறையில் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பீப்பாய் வந்தது. நான்கு உருளைச் சில்லுகள், மினுங்கும் நீலப் பூச்சு, மட்டம் பார்த்துத் தேய்த்த சீமெந்து மேற்பரப்பு, உயரமும் சரியாக இருபது சென்ரிமீற்றர். பட்டறைப் பையன்கள் இருவர் அதை வாகனத்திலிருந்து பேச்சுக் கொடுத்தபடியே இறக்கி வைத்தார்கள். 120 கிலோவை இருவர் அப்படி இறக்க முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. 22,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் "இரும்பு வேலை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாம் நாள் மூக்குச் சில்லைக் கழற்றிவிட்டு, ஒரு மாணவன் அந்தச் சில்லைத் தாங்கும் கவையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் இயந்திரத்தின் மேற்புறத்தைப் பார்க்கச் சிறு வாங்கில் ஏறியவன், தடுமாறிப் புரொப்பெல்லரின் கூம்பில் கையை ஊன்றினான். மூக்கு அப்படியே இறங்கியது. பின்னால் சங்கிலி இறுகும் சத்தம் கேட்டுத் திரும்பினால், பீப்பாய் ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. துடைத்துக்கொண்டிருந்தவன் துணியை மாற்ற அந்தக் கணத்தில்தான் கையை எடுத்திருந்தான். கவை விழுந்து நசுக்கியது அவனுடைய ஸ்பானர் தட்டை. மேலே இருந்தவன் பதறிக் கையை எடுத்ததும் வால் மறுபடி இறங்க, பீப்பாய் நிலத்தில் மோதி, மேற்பரப்பு குறுக்கே வெடித்தது.

வெடிப்பில் அலவாங்கை விட்டு நெம்பினோம். எட்டுச் சென்ரிமீற்றர் தடிப்பில் சீமெந்துப் பலகை ஒன்று பெயர்ந்து வந்தது. அதன் கீழே நிறைத்திருந்தவை மீன் பெட்டிகளை உடைத்த ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகள். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நேரம். வெள்ளைக் குருணிகள் கொட்டகை முழுவதும் பறந்து, மாணவர்களின் தலைமயிரிலும் இயந்திரத்தின் குளிர்த்தகடுகளுக்கு இடையிலும் ஒட்டிக்கொண்டன. சூரை மீன் வாடை போக இரண்டு நாள் எடுத்தது. அத்தனையையும் பொறுக்கி அள்ளிப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம்: 58 கிலோ. தேவையான 43 கிலோவுக்கு மேல் வாலில் மிஞ்சியது 15 கிலோ மட்டுமே. புரொப்பெல்லர் கூம்பு அச்சிலிருந்து இரண்டு மீற்றர் முன்னால் இருப்பதால், அங்கே 30 கிலோ அழுத்தினால் போதும், எல்லாம் கவிழும்.

பட்டறைக்காரரிடம் போனேன். "சேர், நீங்கள் கேட்ட உயரம் வந்திருக்குத்தானே, பிறகென்ன?" என்றார். சீமெந்து விலை ஏறிவிட்டதாகவும், தன்னிடம் பாரம் செய்விக்கும் தோணிக்காரர் யாரும் இப்படி நிறுத்துப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 6,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வளையமும் அதன் ஒட்டும் நேர்மையான வேலை. தொங்கிய பாரத்தில் அது இம்மியும் விலகவில்லை. கவைக்கு அடியில் மரக்குற்றி வைக்காதது முழுக்க என் பிழை. பீப்பாய் நல்லதாக இருந்தாலும் அதை வைத்திருக்க வேண்டும்.

கொங்கிரீட்டில் இப்படிப் பாரம் செய்விப்பவர்கள், அது விமானத்துக்கோ தோணிக்கோ பந்தல் காலுக்கோ எதற்கானாலும், கிலோக் கணக்கைப் பில்லில் எழுதுவித்து, காசு கொடுக்கும் முன் பொருளைத் தராசில் ஏற்றுங்கள். தராசு கிட்டாவிட்டால் சுத்தியலால் பக்கவாட்டில் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் பீப்பாயின் அடிப்பாகம் தகர டப்பாவைப் போல ஒலித்தது. முடியுமானால் ஊற்றும்போதே பக்கத்தில் நில்லுங்கள். அதே பீப்பாயைக் கழுவி, இம்முறை நாங்களே 50 லீற்றர் கொங்கிரீட் குழைத்து ஊற்றி, பழைய வளையத்தையே அதில் பதித்தோம். உருளைச் சில்லுகளோடு 131 கிலோ நிற்கிறது. அசைக்க நான்கு பேர் வேண்டியிருக்கிறது.