அண்ணா நகரா, பெரம்பூரா, மொட்டை மாடியா: நாங்கள் கவுன்சிலிங் தேடிய கதை

"கவுன்சிலரைப் பார்க்கப் போறோம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய முதல் நாள், அம்மா வாசல்வரை வந்து, "அப்படியே நம்ம தெருவுல சாக்கடை பொங்குறதையும் சொல்லிட்டு வாப்பா" என்றார். நாங்கள் போனது புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம், அம்மா வார்டு கவுன்சிலர் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. தண்டையார்பேட்டையில் கூட்டுக் குடித்தனத்தில் இருப்பவனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பிரச்சினை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. நான் சீட்டு எடுத்த பணத்தில் இரண்டு லட்சத்தைத் தம்பிக்குக் கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து நான்கு மாதம் எங்களுக்குள் நேரடிப் பேச்சு இல்லை. "அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு வெச்சிருக்கேன்னு" என்று மகள் வழியாகத்தான் தகவல் வரும். ஒருநாள் மகளே, "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கேட்டாள். பத்து வயது. அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தோம். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை, வாராவாரம் ஷிப்ட் மாறும். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். இந்த இரண்டும் பின்னால் முக்கியமாகும்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து எங்களுக்கும் நடந்தது. பெரிய மாமா இரண்டு மணி நேரம் பேசினார், அதில் ஒன்றரை மணி நேரம் அவர் கல்யாணத்தைப் பற்றி. குடும்ப நீதிமன்றத்திலும் கவுன்சிலிங் உண்டு, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அது வழக்கு போட்ட பிறகு வருகிற கட்டம். சுவர்களில் ஒட்டியிருக்கும் "தாம்பத்தியப் பிரச்சினையா? ஒரே வாரத்தில் தீர்வு" நோட்டீஸ்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அரசு மருத்துவமனை. வடசென்னைக்காரர்களுக்கு இதில் குறையே இல்லை. ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது, பெரம்பூர், அயனாவரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரம். செலவு கிடையாது, பார்ப்பவர்கள் முறையாகப் படித்த டாக்டர்கள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்று சின்ன வயதிலிருந்து கிண்டல் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டால் அங்கே போக எவனுக்குத் தைரியம் வரும்? எனக்கு வரவில்லை. நாங்கள் போனது வேறோர் அரசு மருத்துவமனை, பெயர் வேண்டாம். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். மனைவிக்குச் சுத்தமாகத் தூக்கம் இல்லை என்பதைக் கண்டுபிடித்து அதற்கு மருந்து கொடுத்தார், அது உதவியது. ஆனால் காலை ஓ.பி., வெளியே நீண்ட வரிசை. அடுத்த முறை போனபோது வேறு டாக்டர். இரண்டு லட்சம், தம்பி, சீட்டு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறையும் புது முகம். மனைவி என் காதில், "இதை டைப் அடிச்சு எடுத்துட்டு வந்துடலாமா?" என்றாள். நான்கு மாதத்தில் அவள் என்னிடம் நேரடியாகச் சொன்ன முதல் ஜோக் அதுதான், அந்த வகையில் அந்த மருத்துவமனைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் கவுன்சிலரைத் தேடி அலையாமல் முதலில் இப்படி ஒரு டாக்டரிடம் போவதுதான் சரி. ராத்திரி நேரம், யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டையை வாராவாரம் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிற வேலைக்கு ஓ.பி. வரிசை ஏற்ற இடம் இல்லை. அங்கே இருக்கிற கூட்டத்துக்கு அது அவர்கள் குற்றமும் இல்லை.

ஆன்லைன்? கேட்க நன்றாகத்தான் இருந்தது. அலைச்சல் இல்லை, இரவு ஒன்பது மணிக்குக்கூட நேரம் கொடுத்தார்கள், ஒரு தடவைக்கு 900 ரூபாய். ஆனால் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை. ஹாலில் அம்மா, அறையில் மகள். சரி என்று மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மனைவி அழ ஆரம்பித்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட்டார். அடுத்த முறை பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா, "என்னம்மா, படம் பார்க்கிறீங்களா?" என்று கேட்டு நின்றுவிட்டார். தனியறை உள்ளவர்களுக்கு, தனியாக இருப்பவர்களுக்கு இது நன்றாகவே அமையலாம். நான் இரண்டு முறைதான் பேசியிருக்கிறேன், அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆக, உண்மையான போட்டி அண்ணா நகருக்கும் பெரம்பூருக்கும்தான்.

அண்ணா நகரில் நாங்கள் போன இடம் நன்றாக இருந்தது. ஏசி அறை, மெத்தை நாற்காலி, மேஜைமேல் டிஷ்யூ டப்பா, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர் என்று கவுன்சிலருக்கு முறையான பதிவு. ஒரு தடவைக்கு 1500 ரூபாய். அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. முதல் நாளே, "இது பணப் பிரச்சினை மாதிரி எனக்குத் தெரியலை" என்றார். என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்கும்வரை நாங்கள்தான் போகவில்லை.

ஏன் போகவில்லை? இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மாறி, அண்ணா நகர் கிழக்கு போய், அங்கிருந்து ஆட்டோ. வீட்டு வாசலிலிருந்து அவர் வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பேச்சு 50 நிமிடம். திரும்ப ஒரு மணி நேரம். அவர் கொடுக்கிற நேரம் வார நாட்களில் மாலை நான்கு மணி, அதனால் மனைவி அரை நாள் லீவு போட வேண்டும். எனக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட் என்றால் முடியவே முடியாது. மகளை அம்மாவிடம் விட வேண்டும், அம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்பார், மூன்று மணி நேரம் வார்டு கவுன்சிலரிடம் என்ன பேசினோம் என்று யோசித்து வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் போனது மூன்றே முறை. ஒவ்வொரு முறையும் நடுவில் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும். அந்த இடைவெளியில் புதுச் சண்டை ஒன்று வந்திருக்கும், போன நேரமெல்லாம் அதைச் சொல்லவே சரியாக இருக்கும். பழைய புண்ணை மருந்து வைத்துக் கட்டும் முன்பே புதுப் புண்ணைக் காட்டிக்கொண்டிருந்தோம். மொத்தச் செலவு 4500, பலன் என்று பார்த்தால் அந்த முதல் நாள் வாக்கியம் மட்டும்.

பெரம்பூர்க் கவுன்சிலரைச் சொன்னது மனைவியோடு வேலை செய்கிற ஒரு டீச்சர். ஐம்பது வயதுப் பெண். பழைய வீட்டின் மாடி, குறுகிய படிக்கட்டு, ஏசி கிடையாது, மின்விசிறி சத்தம் போடும். கீழே மாவு மில், அதனால் அறை முழுக்க லேசாக அரிசி வாசனை. ஒரு தடவைக்கு 700 ரூபாய். வண்டியில் வியாசர்பாடி வழியாக இருபத்தைந்து நிமிடம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் நாற்பது. சனி மாலை ஏழு மணி அல்லது ஞாயிறு காலை பதினொன்று, என் ஷிப்டைப் பார்த்து எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பதினான்கு வாரத்தில் பன்னிரண்டு முறை போனோம். 8400 ரூபாய். அண்ணா நகரைவிட அதிகம் செலவழித்திருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். மலிவு என்பதற்காக நான் பெரம்பூரைச் சொல்லவில்லை. வாராவாரம் போக முடிந்தது, அதனால்தான் சொல்கிறேன். முதல் மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை, வெளிப்படையாகச் சொன்னால் எனக்குச் சலிப்பாகவே இருந்தது. அவர் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார். "போன வாரம் சொன்னீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?" என்பார். போன வாரம் என்று ஒன்று இருந்தது, அதுதான் விஷயம். போன வாரம் நான் சொன்ன பொய் அவருக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அதை மாற்றிச் சொன்னால் புருவத்தை உயர்த்துவார். ஒரு வாரம் வரமாட்டோம் என்று நான் போன் செய்தபோது, "ஷிப்டா, இல்ல வேற காரணமா?" என்று கேட்டார். வேறு காரணம்தான்.

ஆறாவது முறை. பேச்சு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மனைவி சொன்னாள்: "பணம் போனா போகட்டும் மேடம். சீட்டு எடுத்தது என் ஓர்ப்படிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பொங்கலுக்கு வந்தப்போ என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சா. அது ஏன்னு எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் புரிஞ்சுது."

நான் அந்த நான்கு மாதமும் இரண்டு லட்சத்தைத் திருப்பி வைப்பது எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பியிடம் சண்டை போட்டு எழுபதாயிரம் வாங்கியும் வைத்திருந்தேன். தம்பி மனைவியின் அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அண்ணா நகர்க்காரர் முதல் நாளே மோப்பம் பிடித்தது இதைத்தான், ஆனால் ஒரு விஷயம் வாய்க்கு வர ஆறு வாரம் பிடிக்கும் என்றால் ஆறு வாரமும் அங்கே போயாக வேண்டும். மூன்று முறையோடு நின்றவர்களுக்கு அது கிடைக்காது.

பக்கத்தில் என்றால் மிகப் பக்கத்தில் வேண்டுமா? எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஒரு கவுன்சிலர் இருந்தார். மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் பாதிப்பேர் அந்த ரோட்டில்தான் குடியிருக்கிறார்கள். சிகிச்சைக்கு வருபவர் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. எதிர்க் கடையில் டீ குடிப்பவரை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்? தெரிந்த முகம் எதிர்ப்படாத தூரம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சோம்பலையும் மீறிப் போய்விடக்கூடிய தூரம். எங்களுக்கு அது பெரம்பூர். திருவொற்றியூரில் இருப்பவருக்குத் தண்டையார்பேட்டையாக இருக்கலாம், கொளத்தூர்க்காரருக்கு அண்ணா நகரே அப்படி அமையலாம்.

பெரம்பூரில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. மாவு மில் ஓடும்போது சத்தமாகப் பேச வேண்டும், குடும்ப ரகசியத்தைக் கத்திச் சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அவருக்கு எம்.எஸ்ஸி. சைக்காலஜியும் பல வருட அனுபவமும் உண்டு, ஆனால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் அந்த அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். வெறும் கவுன்சிலர் என்று பலகை வைப்பவர்களில் நன்கு படித்தவரும் உண்டு, ஒரு மாத கோர்ஸ் முடித்தவரும் உண்டு. சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்த டாக்டர், மருந்து எழுதுவது அவர் வேலை. எங்கள் கவுன்சிலர் இரண்டாவது வாரமே, "தூக்க மாத்திரையை நிறுத்துறதா இருந்தா எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துங்க, அது என் வேலை இல்ல" என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அந்த இடத்தில்தான்.

எங்கள் வீட்டில் குடி இல்லை, அடிதடி இல்லை. அவை இருக்கிற வீட்டுக்கு என் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். குடிக்குத் தனியாகச் சிகிச்சை இடங்கள் இருக்கின்றன. இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை பல வருடமாக அதற்கென்றே நடக்கிறது, அங்கே தூரத்தைப் பார்க்காமல் போக வேண்டியதுதான். அடி வாங்குகிற பெண்ணை அடிக்கிறவனோடு சேர்த்து உட்காரவைத்துப் பேசச் சொல்வது ஆபத்து. அவருக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்தான் முதல் வாசல்.

மற்றவர்களுக்கு, முதல் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் உண்டா? நாங்கள் வரக்கூடிய நேரத்தை வாராவாரம் ஒதுக்கித் தர முடியுமா? ஒவ்வொரு முறையும் நீங்களேதான் எங்களைப் பார்ப்பீர்களா? நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு அண்ணா நகருக்குப் போனவன். இரண்டாவதைக் கேட்டிருந்தால் அந்த 4500 மிச்சமாகியிருக்கும். இப்போது பெரம்பூருக்கு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். போன மாதத்திலிருந்து 800 ஆக்கிவிட்டார், மாவு மில் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.